அக்கரைக் கடி

ஆற்றின் இக்கரையில் உட்கார்ந்தபடியே அக்கரைக் கிளிகளுக்குக் கூடு முடைந்து, நாரையிடம் கொடுத்தனுப்பும் ஒரு தூக்கணாங்குருவி. கூலி, ஒரு அத்திப்பழம். அக்கரைக் காவல் மைனா வரியாக ஒரு கடி கடித்துவிட்டுத்தான் பழத்தை அனுப்பும். இக்கரைக் காவல் அணிலுக்கும் ஒரு கடி உண்டு. கடித்ததை மழைக்காலத்துக்கென்று பொதுப் பொந்தில் போட்டுவிடும்.

மற்ற பறவைகள் அணிலின் கண்ணில் படாமல் நழுவிவிடும். இந்தக் குருவி மட்டும் பழத்தோடு நேரே வந்து நின்றது. அணில் வாயைத் திறந்தது.

“அவசரப்படாதீங்கண்ணே. மைனா கடிச்ச இடத்துல உங்க பல்லை வச்சுப் பாருங்க. உங்க கடி பெருசா இருந்தா, கூடுதலா உள்ளதை மட்டும் எடுத்துக்குங்க. ரெண்டு பேரும் முழுசாக் கடிச்சா என் குஞ்சுக்கு என்ன மிஞ்சும்?”

அணில் வைத்துப் பார்த்தது. ஓரத்தில் துளிதான் கூடியது. அதை மட்டும் கொறித்தது. ‘பலே கெட்டிக்காரி! இவள் மேல் ஒரு கண் இருக்கட்டும்’ என்று நினைத்துக்கொண்டது.

அடுத்த முறை வந்த பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

“மைனா அசந்துட்டாரு போல. முழுக் கடியும் உங்களுக்குத்தாண்ணே,” என்று குருவி பழத்தை நீட்டியது.

அணில் சுற்றுமுற்றும் பார்த்தது. ஒரு ஈ காக்கை இல்லை. குருவி பேசாமல் பறந்து போயிருக்கலாம்.

வாயை அகலத் திறந்து கடித்தது. ஏனோ, பல் ஆழமாக இறங்கவே இல்லை.