கடைசி எண்

சட்டைப் பையில் பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வெள்ளைச் சட்டைக்கு நீல நூல். வீட்டில் வெள்ளை நூல் தீர்ந்துபோயிருந்தது.

அவள் கணவர், தச்சர், குனிந்து பார்த்தார். என் தொழிலில் இப்படிச் செய்திருந்தால் பட்டறையை என்றைக்கோ மூடியிருப்பேன் என்று சிரித்தார்.

மனு நாள் டோக்கனைப் பைக்குள் போட்டு, பொத்தானை மாட்டி, மேலே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"நான்தான் கடைசி ஆள், பாரு. என்னைக் கூப்பிட்டு முடிச்சாத்தான் அவங்களால கதவைச் சாத்த முடியும்."

அன்று மதியம், இழைத்துக்கொண்டிருந்த பலகைமேலேயே சாய்ந்தவர் பிறகு எழவில்லை.

அந்த டோக்கன் இப்போது அவள் உள்ளங்கையில் இருந்தது. அறுபத்து மூன்று.

அரசு மாளிகையின் பெரிய கூடம். முதல் வரிசை, சுவரோரம். பெஞ்சில் துருத்திக்கொண்டிருந்த ஆணி சேலையைக் கிழித்துவிடாதபடி சற்றுத் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

முன்பெல்லாம் இந்தக் கூடத்தில் யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். தச்சரும் அவர் தெருக்காரர்களும் இரண்டு வருடம் கோரிக்கை அட்டை பிடித்து நின்றார்கள். ரயில் பாதையைத் தாண்டித்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டியிருந்தது. ஒரு நடைமேம்பாலம் கேட்டார்கள். அவ்வளவுதான்.

முதலில் அட்டை கூடாது என்றார்கள். அட்டையை வீட்டில் வைத்துவிட்டுக் கோஷம் போட்டார்கள்.

பிறகு கோஷம் கூடாது என்றார்கள். சும்மா நின்றார்கள்.

மூன்று பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது என்றார்கள். உட்கார்ந்தார்கள்.

மிச்சம் இருந்தது புதன்கிழமை மனு நாள் ஒன்றுதான். டோக்கன் வைத்திருப்பவர் கவுண்ட்டரில் இரண்டு நிமிடம் பேசலாம். அதற்கும் ஒரு நாள் அறிவிப்பு வந்தது. இன்று கொடுத்த டோக்கன்களோடு மனு நாள் நிறுத்தப்படும், அதன்பின் கூடத்தில் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

அன்று எல்லோரையும் வரிசையில் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாகப் போய் டோக்கன் வாங்கியவர் தச்சர். சாமர்த்தியம் போதாது என்று அவளே திட்டியிருந்தாள்.

கவுண்ட்டருக்குப் பின்னால் குமாஸ்தா பதிவேட்டைத் திறந்தார். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி அதிகாரி ஒருவர் நின்றார். மாற்றலாகி வந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. இன்னும் எத்தனை பாக்கி என்று கேட்டார். ஒன்றுதான் என்றார் குமாஸ்தா. அதிகாரியின் முகம் தெளிந்தது.

"அறுபத்து மூணு."

கூடம் நிறைந்திருந்தது.

அவள் தொண்டைக்குள் அந்த இரண்டு நிமிடமும் தயாராக இருந்தது. அவர் முகம் மழித்துக்கொண்டே கண்ணாடிக்குச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். எந்த இடத்தில் மூச்சு விடுவார் என்பது உட்பட அவளுக்கு மனப்பாடம். டோக்கன்காரர் இல்லையென்றால் வீட்டார் பேசலாம் என்று விதி இருந்தது. எழுந்து நான்கு எட்டு வைத்தால் போதும். அவர் பேச்சை இந்தச் சுவர்கள் ஒரு தடவையாவது கேட்டுவிடும்.

பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள்.

"அறுபத்து மூணு."

குமாஸ்தா அவளை நேராகப் பார்த்தார். அவளும் பார்த்தாள். பக்கத்தில் இருந்த தையல்காரப் பெண், அவள் முழங்கைமேல் கை வைத்தாள்.

எதிர்ச் சுவரில் விதிப் பலகை தொங்கியது. அதற்குத் தேக்கில் சட்டம் போட்டு, கண்ணாடி பொருத்தி, ஆணி அடித்து மாட்டியவர் தச்சர்தான். கல்யாணமான புதிதில் கிடைத்த வேலை. வேலை செய்யும் பொருளைப் படித்துப் பார்க்காமல் விடமாட்டார். அதன் கடைசி வரி, மாளிகையில் இருந்தவர்களுக்கெல்லாம் மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை. மூன்று முறை அழைத்தும் யாரும் வராவிட்டால், அந்த எண் அடுத்த மனு நாளுக்கு மாற்றப்படும்.

"அறுபத்து மூணு."

அவள் எழவில்லை. டோக்கனை இறுக்கிப் பிடித்ததில் அதன் ஓரம் உள்ளங்கையில் பதிந்தது.

குமாஸ்தா பேனா மூடியைக் கழற்றினார். 'வரவில்லை' என்று எழுதினார். அவசரமில்லாமல், புள்ளிகூட விடாமல்.

அதிகாரி குனிந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். அதே கையெழுத்து. ஒன்றன்கீழ் ஒன்றாக நாற்பது புதன்கிழமைகள். நாற்பது 'வரவில்லை'. இது நாற்பத்தொன்று.

அவர் விதிப் பலகையைப் பார்த்தார். முதல் வரிசையைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பதிவேட்டைத் தொடாமல் உள்ளே போனார்.

பெஞ்சுகள் இழுபடும் சத்தம் கேட்டது. மனு நாளில் உட்கார்ந்து பேசக் கூடாது என்று இன்னும் யாரும் அறிவிப்பு ஒட்டவில்லை. போன வாரம் ரயில் பாதையோரம் இரண்டு பேர் அளவு நாடா பிடித்து நடந்ததைத் தையல்காரப் பெண் பார்த்திருக்கிறாள். அதைச் சொல்லச் சொல்லிச் சுற்றி உட்கார்ந்தார்கள். முதல் வாரம் அவளோடு வந்தவர்கள் ஆறு பேர். இன்று பின்வரிசையில் இடமில்லாமல் நின்றார்கள், மூன்று மூன்று பேராக.

வாசலில் காவலாளி, 'அடுத்த மனு நாள் புதன்கிழமை' என்று பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார்.

"அடுத்த புதனாவது வந்துருங்கம்மா."

பார்க்கிறேன் என்றாள்.

படியில் நின்று, கைப்பையிலிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்தாள். டோக்கனைப் பைக்குள் போட்டு, பொத்தானை மாட்டி, மேலே இரண்டு தட்டுத் தட்டினாள்.

நீல நூல் இன்னும் விடவில்லை.