இரண்டு பூட்டுகள்

நண்பகல் வெயில் அணை நீரில் பட்டு மதகு அறையின் கூரையில் நெளிகிறது. மதகுச் சக்கரத்தில் மாநில அரசின் பூட்டொன்றும் மத்திய அரசின் பூட்டொன்றும் தொங்குகின்றன. "அவங்க கடிதம் வரட்டும், தொறக்கிறேன்," என்கிறார் மாநிலப் பொறியாளர். "முதல்ல உங்க கடிதம் வரட்டும் சார்," என்கிறார் மத்திய அதிகாரி, விசிறிக்கொண்டே. ஒன்பது நாளாக இதே பல்லவி. கருகிய பயிரைக் கையில் பிடித்தபடி வாசலில் நிற்கும் தன் அக்காவின் முகத்தில் விழிக்க, சக்கரத்தருகே நிற்கும் மதகுக்காரருக்குக் கூசுகிறது. "இவ்வளவு தண்ணிய வச்சுக்கிட்டு எதுக்குடா எங்களச் சாகடிக்கிறீங்க?" என்கிறாள் அவள். மதகுக்காரர் கடப்பாரையை எடுத்து இரண்டு பூட்டுகளையும் நெம்பி உடைக்கிறார். சக்கரம் கிறீச்சிட்டுச் சுழல, கீழே வறண்ட கால்வாயில் தண்ணீர் இரைந்து பாய்கிறது. "யாரைக் கேட்டுத் தொறந்தே?" முதல் தடவையாக இரண்டு அதிகாரிகளும் ஒரே குரலில் கத்துகிறார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சுற்று சுற்றுகிறார்.