வண்டி கேஸுக்கு மாறியது

மாதேஷின் சரக்கு வண்டிக்கு மூன்று டேங்க். எதை எரிப்பது என்று வண்டியே முடிவு செய்யும். மேடேற டீசல், சமதரையில் பறக்கப் பெட்ரோல், குழந்தை இருந்தால் புகையில்லாத கேஸ்.

அன்று சேலத்தில் வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அவனும் மனைவி கோகிலாவும் ஏற்காட்டுக்குத் திரும்பினார்கள். மலைப்பாதை தொடங்கியதும் வண்டி கேஸுக்கு மாறி நத்தையாய் ஊர்ந்தது.

“மேட்டுல டீசலுக்குப் போகாம எதுக்கு இந்த இழுவை?” என்று மாதேஷ் எரிந்துவிழுந்தான்.

“குழந்தை இருக்குதுங்க,” என்றது வண்டி.

“கண்ணு அவிஞ்சுபோச்சா? நாங்க ரெண்டு பேருதான இருக்கோம்!”

கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அதைத் திட்டாதீங்க. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இந்த ஓட்டவாய் முந்திக்கிச்சு.”

பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. மாதேஷ் வேகத்தை இன்னும் குறைத்தான்.