கடல் பார்த்த வீடு

மலைவீட்டு வாசலில், கையில் பையோடு தொப்பலாக நனைந்து நின்ற தங்கையைப் பார்த்ததும் அக்காவின் மனசு குளிர்ந்துபோனது. காலையிலிருந்து தங்கை போன் அடித்துக்கொண்டே இருந்தாள், அக்காதான் எடுக்கவில்லை. புயல் வந்தால்தான் அக்கா ஞாபகம் வருமாக்கும், நேரில் வந்து கெஞ்சட்டும் என்று விட்டுவிட்டாள்.

கதவு வேறு மக்கர் பண்ணியது. நேற்றுவரை ஒழுங்காக இருந்தது, இன்று நிலையில் சிக்கிக்கொண்டு பாதிதான் திறந்தது. தச்சனை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, அந்த இடைவெளியிலேயே தலையை நீட்டினாள்.

“வாடி, கடற்கரை மகாராணி! வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சா?”

“அக்கா, முதல்ல நான் சொல்றதைக் கேளு...”

“நான் சொன்னதை நீ என்னிக்காவது கேட்டியா? மலை மேல வீடு வாங்குங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். துறைமுகம்தான் வேலைக்குக் கிட்டன்னு உன் வீட்டுக்காரர் அங்கேயே ஒண்டிக்கிட்டார். இப்ப என்ன ஆச்சு?”

கீழே சாலையில் தங்கை வீட்டுக்காரரின் வேன், இறக்கத்தைப் பார்த்துத் திரும்பி உறுமிக்கொண்டு நின்றது. மேலே ஏறி வர முகமில்லை போலிருக்கிறது. அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

“என் வீட்டைப் பாரு. சரிவுல மறைச்சுக்கிட்டிருந்த மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளினதும் ஊரே என் காலடியில கிடக்கு. படுத்த இடத்துலேருந்தே கப்பல் தெரியுது. உன் வீட்டுல என்ன தெரியும், பக்கத்து வீட்டுத் துணிக்கொடியா?”

“அக்கா, நேரமில்ல. மாமாவை எழுப்பு.”

“உங்களுக்காக அவரை ஏன் எழுப்பணும்? தங்கறதுன்னா பின்கட்டு அறைதான். சேத்துக் காலோட கூடத்துக்கு வரக்கூடாது. அப்புறம் உன் வீட்டுக்காரர் மேல வந்து, ‘நீங்க சொன்னதுதான் சரி’ன்னு தன் வாயால சொல்லணும்.”

இதைச் சொல்லத்தான் அவள் இத்தனை வருஷமாகக் காத்திருந்தாள். புயலையே வேண்டிக்கொண்டாள் என்றாலும் தப்பில்லை.

தங்கை பையைக் கீழே போட்டுவிட்டு, கதவிடுக்கில் கையை நுழைத்து அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்படியே அவளை வெளியே இழுக்கப் பார்த்தாள்.

“என்னடி, பயந்துட்டியா?” அக்கா சிரித்தாள்.

“ஆமாக்கா. நாங்க தங்க வரல, உங்களைக் கூட்டிட்டுப் போக வந்தோம். ரோட்டுலேருந்து அண்ணாந்து பார்த்தேன்... உன் வீட்டுக்கு அடியில மண்ணே இல்ல!”