மில்லுக்கே லீவு

பெசன்ட் நகர் கடற்கரையில் வெயில் தாழ்கிறது. ராஜபாளையம் நூல் மில்லிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்த பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் நிற்கிறார்கள். மூன்று ஷிப்டுக்கும் ஒன்றாக லீவு விட்டு நிர்வாகம் சுற்றுலா அனுப்புவது இதுதான் முதல் தடவை. "ஏட்டி ஆவுடை, மேஸ்திரியைப் புடிச்சி உள்ள தள்ளுட்டி!" என்று ஒருத்தி கத்த, மேஸ்திரி சங்கரலிங்கம் பேண்டைச் சுருட்டிப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே பின்வாங்குகிறார். ரோட்டோர எஸ்.டி.டி. பூத்தில் நிற்கிறாள் வேலுத்தாய். கடலைப் பார்த்த கதையைச் சொல்லத்தான் மில் வாசல் டீக்கடை ஹமீதுக்குப் போன் போட்டாள். அவர் சொல்லவிடவில்லை. "கடலு கெடக்கட்டும் தாயி. காலையிலருந்து மிசினைப் பூராம் லாரியில ஏத்துதாங்க. மில்லை வித்தாச்சாம்." ஆயுதபூசைக்கு என்று மேஸ்திரி சொன்னதால், முந்தாநாள் மிசினில் நூல் சுற்றும் ஸ்பிண்டில்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டுச் சாக்கில் கட்டி வைத்தவர்கள் இந்தப் பெண்களேதான். இத்தனை வருடத்தில் எந்தப் பூசைக்கும் ஸ்பிண்டிலைக் கழற்றியதில்லை. லீவு சந்தோஷத்தில் யாரும் ஏனென்று கேட்கவில்லை. வேலுத்தாய் மணலில் கால் புதையப் புதைய நடந்து மேஸ்திரி முன்னால் வந்து நிற்கிறாள். "அண்ணாச்சி, மிசினெல்லாம் எங்க போகுது?" அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே உறைகிறது. அலைக்குள் நிற்பவர்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துகிறார். "செத்த நேரம் பொறு தாயி. அவிய ஆடி முடிக்கட்டும். பொறவு சொல்லிக்கிடலாம்." வேலுத்தாய் கடலைப் பார்த்துத் திரும்பி, "ஏட்டி, எல்லாரும் கரையேறுங்கட்டி!" என்று கத்துகிறாள். அலைச் சத்தத்தில் ஒருத்திக்கும் கேட்கவில்லை. ஆவுடையம்மாள் மட்டும் இவளைப் பார்த்து, நீயும் உள்ளே வா என்று இரண்டு கையாலும் கூப்பிடுகிறாள்.