ஏரிக்குடிலின் முகவரி

குளிர்காலத்துக்காக ஏரிக்குடிலின் குழாய்த் தண்ணீரை வடித்து, மின்சார மெயினை அணைத்து, இணைய மோடத்தையும் கேமராவையும் பையில் போட்டுக்கொண்டு தௌனோவும் மனைவி ஐலாவும் தம்பெரே நகரத்து வீட்டுக்கு வந்திருந்தார்கள். இணையத்தில் குடிலுக்கென்று பதிந்திருந்த பெயரைத் திறந்தால் அந்தக் கேமராவின் நேரடிப் படம் தெரியும். அந்தப் பெயரை இனி வீட்டு இணைப்பின் இணைய முகவரிக்குத் திருப்ப வேண்டும். தௌனோ கணினியில் ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டினான். ‘மாற்றப்பட்டது’ என்று பதில் வந்தது.

"ஐலா, ஒரே தட்டுல மாறிடுச்சு!" துள்ளி எழுந்து இரு கைகளையும் தூக்கினான்.

"ஹாக்கியில கோல் போட்ட மாதிரி குதிக்காத, காபி கொட்டுது!" ஐலா அவன் கோப்பையைத் தூக்கிப் பிடித்தாள்.

சரிபார்த்தபோது, பெயர் மறுபடி குடிலின் பழைய முகவரிக்கே போயிருந்தது. மீண்டும் தட்டினான், மாறியது. ஒரு மடக்குக் காபி குடிப்பதற்குள் அது திரும்பிப் போய்விட்டது.

"அங்கேர்ந்து யாரோ நம்மகூட மல்லுக்கட்டுறாங்க!" ஐலாவுக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது. "விடாத, தட்டு!"

தட்டினான். உடனே திரும்பிப் போனது.

"ஆள் யாருன்னு பாத்துடுவோம்" என்று பெயரைத் திறந்தான்.

கேமரா இன்னும் பைக்குள்தான் கிடந்தது. ஆனாலும் குடிலின் கூடம் தெரிந்தது. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தௌனோவின் கம்பளிச்சட்டை போட்ட ஒருவன் துள்ளி எழுந்து இரு கைகளையும் தூக்கினான். அருகிலிருந்தவள் சிரித்தபடி அவன் கோப்பையைத் தூக்கிப் பிடித்தாள்.