பேரம் மட்டும் வேண்டாம்

"அங்க தண்ணி குடிக்காதீங்க, தம்பி. ஐஸ் போட்ட ஜூஸும் வேண்டாம்" என்றார் நசுருதீன் பாய்.

கீழக்கரைக்காரர். டெக்சஸின் லரேடோவில், பாலத்தடியில் சென்ட் கடை. பாலத்தைத் தாண்டினால் மெக்சிகோ. கார் நிறுத்த இடம் தேடி பாலுவும் அவன் மனைவி நாகலக்ஷ்மியும் கடை வாசலில் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைக் கேட்டு அவரே வெளியே வந்துவிட்டார்.

தொண்ணூற்றைந்து பிப்ரவரி. மெக்சிகோவின் நாணயமான பெசோவின் மதிப்பு விழுந்து இரண்டு மாதம். இப்போது போனால் எல்லாம் பாதி விலை என்று ஆபீசில் யாரோ சொல்லப்போய், ஆஸ்டினிலிருந்து நாலு மணி நேரம் டிரைவ் பண்ணி வந்திருந்தான் பாலு.

காரைத் தன் கடைக்குப் பின்னால் விடச் சொன்னார் பாய். பாலத்தை நடந்தே தாண்டுங்கள், பாஸ்போர்ட்டில் செருகியிருக்கும் ஐ-94 அனுமதிச் சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், அது இல்லாவிட்டால் திரும்பி வருவது பெரும்பாடு என்றார். போர்வைக்கு டோலோரஸ் அம்மா கடை, மண் ஜாடிக்கு ரமோன் கடை என்று எழுதியும் கொடுத்தார்.

"இந்த ரெண்டு கடையில பேரம் மட்டும் பேசாதீங்க."

பாலத்தில் ஏறியதுமே பாலு சிரித்தான்.

"கமிஷன்."

"நல்ல மனுஷனாத்தான் தெரியறார்" என்றாள் நாகலக்ஷ்மி.

"நல்ல மனுஷனாத் தெரியாட்டி யாரு கமிஷன் குடுப்பா?"

அந்த வீம்பிலேயே டோலோரஸ் கடையில் பேரம் பேசினான். அந்த அம்மாள் கால்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டினாள். இவன் பாதியை அடித்துக் காட்டினான். அவள் தலையாட்ட, இவன் வெளியே நடப்பதுபோல் நாலடி வைத்தான். நாகலக்ஷ்மி முழங்கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. கடைசியில் அந்த அம்மாள் பாதி விலைக்கே போர்வையை மடித்துக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது பாய் அலமாரியிலிருந்த பாட்டில்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாதி விலைக்கு முடிச்சுட்டேன், பாய். உங்க கமிஷன் குறைஞ்சா கோவிச்சுக்காதீங்க."

பாய் போர்வையை ஒரு நிமிஷம் தடவிப் பார்த்தார்.

"கமிஷன் ஏது, தம்பி. பதினஞ்சு வருஷமா இந்தக் கடை ஓடினதே டோலோரஸ் அம்மா, ரமோன் மாதிரி அந்தப் பக்கத்து ஆளுங்களாலதான். வீட்டுல ஒரு விசேஷம்னா பாலம் தாண்டி இங்கதான் வருவாங்க. பெசோ விழுந்ததும் அவங்க காசுக்கு இந்தப் பக்கம் மதிப்பே இல்லாமப் போச்சு. எப்படி வருவாங்க?"

நாகலக்ஷ்மி பெட்டிகளைப் பார்த்தாள். "கடையை மூடுறீங்களா, பாய்?"

"வெள்ளிக்கிழமையோட. அதுவரைக்கும் வர்ற டூரிஸ்ட்டை எல்லாம் அவங்ககிட்ட அனுப்பிட்டிருக்கேன், தங்கச்சி. என் கடைதான் நிக்கல. அவங்களுதாவது நிக்கட்டும்."

பாலு காரைத் திறக்கவில்லை. பர்ஸிலிருந்து மீதிப் பாதி விலையை எண்ணி எடுத்தான். போர்வையும் கையுமாக மறுபடி பாலத்தைப் பார்த்து நடந்தான்.